களையும் கீரையும்: வள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர், பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. இங்கிருந்து பூண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டியைச் சென்றடையும் பாதை தமிழகத்தின் இரண்டு முகங்களை ஒருசேரக் காட்டுவதாகும். ஒரு முனையில் ஏரிகளும் நெல் வயல்களும். மறு முனையில் இரும்பு உருட்டாலைகளும் புகைபோக்கிகளும்.

இவ்வழியே செல்வோர் கோயிலைக் காண்பர், அணையைக் காண்பர், தொழிற்சாலைகளைக் காண்பர். வரப்பின் மீதும், வேலியின் அடியிலும், சாலையின் இரு மருங்கிலும், ஒருவரும் விதையாமல், ஒருவரும் நீர் வாராமல் தழைத்துக் கிடக்கும் பூண்டுகளை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி வெயில் படும் நாட்களில் இப்பாதை நெடுகிலும் அவை பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பரந்திருக்கும். அவற்றுள் உண்ணத்தக்கவை உண்டு, மருந்தாவன உண்டு, மண்ணைக் காப்பன உண்டு, அடியோடு அகற்றத்தக்கனவும் உண்டு. இவை அனைத்துக்கும் நாம் இட்டிருக்கும் பொதுப்பெயர் ஒன்றே: களை.

உண்மையில் களை என்று ஒரு தனி இனம் உலகில் இல்லை. வேண்டாத இடத்தில் வேண்டாத வேளையில் முளைத்த செடிக்கே அப்பெயர். நெல் வயலில் படரும் பொன்னாங்கண்ணி களை. அதுவே சந்தையில் கட்டுக் கட்டாக விலை போகும் கீரை. கீரைப் பாத்தியில் சிந்திய நெல் முளைத்தால், அங்கே நெல்லும் களையே. ஆகவே ஒரு செடியைக் கண்டதும் "இது களையா?" என்று கேட்பதைவிட, "இது நின்றிருக்கும் இடம் எது? இதை இங்கே என் செய்வது?" என்று கேட்பதே அறிவுடைமை. பொறுத்துக்கொள்ளுதல், கட்டுப்படுத்துதல், பயன்படுத்துதல் என வழிகள் மூன்று. எங்கே எது என்பதை இப்பாதையே நமக்குக் கற்பிக்கிறது.

நெல் வயலில்

சென்னைத் திசையில் செவ்வாப்பேட்டையை அடுத்துள்ள திரூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மை அறிவியல் நிலையமும் உள்ளன. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களில் நெல் விளையும் மாவட்டம் இது. மூன்று பட்டங்களிலும் உழவர்க்கு ஓயாத பகைவன் ஒருவன் உண்டு. அவனே குதிரைவாலிப் புல். நாம் சோறாக்கி உண்ணும் குதிரைவாலிச் சிறுதானியத்தின் காட்டு உறவினன் அவன். இளம் பருவத்தில் நெற்பயிருக்கும் அவனுக்கும் வேற்றுமை காண்பது அரிது. இலை தண்டோடு சேருமிடத்தை விலக்கிப் பார்த்தால், நெல்லுக்கு மெல்லிய சவ்வும் சிறு காது போன்ற மடல்களும் இருக்கும். அப்புல்லுக்கு இரண்டும் இரா. களையெடுக்கும் தாய்மார்களோ குனிந்த முதுகு நிமிராமல், பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிந்துவிடுவர்.

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய கோதுமையும் களைகளும் பற்றிய உவமை நம் வாசகர்கள் அறிந்ததே. அங்கே குறிக்கப்படுவதும் கதிர் விடும் வரை கோதுமையைப் போலவே தோன்றும் ஒரு புல் என்பர் அறிஞர். இரண்டின் வேர்களும் பின்னிக் கிடக்கையில் ஒன்றைப் பறித்தால் மற்றதும் பெயர்ந்து வரும். எனவே, அறுவடை வரை இரண்டையும் வளரவிடுங்கள் என்று அந்நிலக்கிழார் கட்டளையிட்டது உழவுத் தொழிலின் நடைமுறை அறிவுமாகும்.  வரிசை பிடித்து நட்ட வயலிலோ வேறு வழியும் உண்டு.

அவ்வழியைச் செம்மைப்படுத்தியவர் ஒரு குருவானவர் என்பது பலர் அறியாத செய்தி. ஆன்ரி தெ லொலானியே என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு 1961இல் மடகாஸ்கர் தீவுக்கு வந்து, ஏழை உழவரோடு வாழ்ந்து, 1983ஆம் ஆண்டளவில் புதியதொரு நெல் சாகுபடி முறையை உருவாக்கினார். இளம் நாற்றை ஒவ்வொன்றாகச் சதுர இடைவெளியில் நடுவது, வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது, உருளைக் கருவியால் களையைச் சேற்றிலேயே அமுக்குவது ஆகியவை அதன் கூறுகள். 1995இல் அவர் காலமான பின்னர் அம்முறை உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் "திருந்திய நெல் சாகுபடி" என்று வழங்குவது அதுவே.

இம்முறையில் களையைப் பிடுங்கி வரப்பில் எறிவதில்லை. நட்ட பத்தாம் நாள் முதல், பத்து நாட்களுக்கு ஒருமுறை கோனோவீடர் என்னும் உருளைக் கருவியை வரிசைகளின் ஊடே நெடுக்கும் குறுக்குமாகத் தள்ளுவர். களை சேற்றில் அழுந்தி அழுகி, தான் உண்ட உரத்தை மண்ணுக்கே திருப்பித் தருகிறது. மண்ணும் கிளறப்பட்டு வேருக்குக் காற்று கிடைக்கிறது. கட்டுப்படுத்தலும் பயன்படுத்தலும் ஒரே செயலில் நிறைவேறுவதை இங்கே காண்கிறோம்.

களைக்கொல்லி மருந்தோ வேலையை எளிதாக்குகிறது. ஆள் பற்றாக்குறையால் அதை நாடும் உழவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதனால் போனது யாது என்பதையும் எண்ண வேண்டும். களையெடுக்கச் செல்லும் பெண்கள் கூலியோடு மடி நிறைய ஆரைக்கீரையும், பொன்னாங்கண்ணியும், வரப்போரத்துக் கரிசலாங்கண்ணியும் கொண்டுவருவது வழக்கம். கூலி ஏட்டில் எழுதப்படாத அக்கீரைதான் பல ஏழை வீடுகளின் இரவுக் குழம்பு. மருந்து அடித்த வயலில் அக்கூலியும் இல்லை, அக்கீரையும் இல்லை. மேலும், பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளுக்கு மாற்று மருந்தே கிடையாது. அருந்தியவரைக் காப்பது மிக அரிது. எந்தக் களைக்கொல்லியையும் வீட்டினுள் வைத்தலும், குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைத்தலும் கூடவே கூடா.

வீட்டுக் கொல்லையில்

திருவள்ளூரின் பழைய தெருக்களில் கொல்லைப்புறம் உள்ள வீடுகள் இன்றும் உண்டு. மழைக்குப் பின் அங்கே முதலில் தலைகாட்டுவன குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, மூக்கிரட்டை, சாரணை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை, வெட்டுக்காயப்பூண்டு, அருகு, கோரை. இவற்றை ஒரே நாளில் செதுக்கிப் போட்டு மண்ணை மொட்டையாக்குவதே தூய்மை என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். மொட்டை மண் வெயிலில் வெந்து, மழையில் கரைந்து, காற்றில் பறக்கும். பின்னர் அதில் முதலில் முளைப்பதும் களையே.

அருகம்புல் வரப்பையும் கரையையும் வேரால் இறுகப் பற்றி நிற்பது. அதை நடைபாதையிலும் பாத்தியிலும் அகற்றி, கரையில் விட்டுவிடலாம். வெட்டுக்காயப்பூண்டு வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. ஆண்டு முழுவதும் பூப்பதால் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அது அன்னசத்திரம். மூக்கிரட்டை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை மூன்றும் கடைந்தோ பொரித்தோ உண்ணத்தக்கவை. சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் மட்டும் பருப்புக்கீரையை அளவோடு கொள்ள வேண்டும்.

கோரை வேறு சாதி. 1977இல் ஹவாய்ப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட உலகக் களைகள் பற்றிய நூல் அதற்கே முதலிடம் அளித்தது. மேலே பிடுங்கினால் தாள் கையோடு வரும். கிழங்கு மண்ணில் தங்கும். ஒன்றோடொன்று தொடுத்த கிழங்குச் சங்கிலி அறுபட்டால், உறங்கிக் கிடந்த கிழங்குகளும் விழித்து முளைக்கும். ஆகவே கோரையோடு மல்லுக்கு நிற்பதைவிட அதன் பலவீனம் அறிந்து நடப்பது நன்று. அதற்கு ஆகாதவை இரண்டு: ஒன்று கோடை வெயில், மற்றொன்று நிழல். சித்திரையில் மண்ணை ஆழக் கொத்திக் கிழங்குகளை வெயிலில் காயவிட வேண்டும். மழை வந்ததும் தட்டைப்பயறோ சணப்பையோ நெருக்கமாக விதைத்தால், அவற்றின் நிழலில் கோரை நலியும். பொறுக்கி எடுத்த கிழங்கை வீணாக்க வேண்டுவதில்லை. குளியல் பொடியில் மணத்துக்காகச் சேர்ப்பது அதைத்தான்.

பொதுவாகக் களை அடக்கும் விதிகள் எளியவை. பூப்பதற்கு முன் அகற்றுக. மண் ஈரமாயிருக்கையில் வேரோடு எடுக்க. பயிரின் வாழ்நாளில் முதல் மூன்றில் ஒரு பங்கு காலம் களையின்றிக் காத்தால், பிறகு பயிரே தன் நிழலால் தன்னைக் காத்துக்கொள்ளும். செடிகளின் இடையே காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மூடாக்கு இடுக. விதை விழுந்த களையை மட்டும் எருக்குழியில் இடாது தனியே காயவைத்து அகற்றுக. திருக்குறளின் உழவு அதிகாரமும் உழுதல், எருவிடல், களைதல், நீர் பாய்ச்சல், காத்தல் எனும் வரிசையில் களையெடுப்புக்கு உரிய இடத்தைத் தந்திருப்பது கருதத்தக்கது.

கீழாநெல்லியின் கதை

கொல்லைச் செடிகளுள் ஒன்று சென்னையின் ஆய்வுக்கூடம் வரை சென்று உலகின் கவனத்தை ஈர்த்தது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் நாட்டுத் தொன்மையான வழக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜனும் அவர்தம் குழுவினரும், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க்குடன் இணைந்து, ஹெபடைடிஸ்-பி கிருமியைத் தாங்கியிருந்தோர்க்கு இச்செடியின் பொடியை 30 நாட்கள் அளித்து ஆராய்ந்தனர். 1988இல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது.

இச்செய்தி நமக்குப் பெருமை தருவது. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. 2011இல் பல ஆய்வுகளையும் ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் மதிப்பீடும், உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. எனவே குடும்பத் தலைவியர் மனத்தில் இருத்த வேண்டியது இது: மஞ்சள் காமாலை ஒரு நோயன்று, பல நோய்களின் அடையாளம். கிருமியாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும், நஞ்சாலும் வரும், புற்றாலும் வரும். கண் மஞ்சளானவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யாமல், பச்சிலைச் சாறு கொடுத்து இரண்டு வாரம் காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஹெபடைடிஸ்-பி வராமல் காக்கும் தடுப்பூசியோ, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே இடப்படுகிறது.

ஏரியிலும் சாலையோரத்திலும்

திருவள்ளூரை விட்டு வடக்கே செல்வோம். கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் எழுந்த பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆற்றைக் கண்டு, பவானி அம்மன் கோயில் கொண்ட பெரியபாளையம் வரை, வழியெங்கும் ஏரிகள். இவ்வேரிகளில் நிற்பவை கொல்லையின் எளிய பூண்டுகள் அல்ல. கடல் கடந்து வந்த மூவர். நீர்மேல் மிதக்கும் ஆகாயத்தாமரை, கரையோரச் சேற்றில் அடர்ந்த நெய்வேலிக் காட்டாமணக்கு, வறண்ட ஏரியின் வயிற்றிலேயே வேரூன்றிய சீமைக்கருவேலம்.

சீமைக்கருவேலம் 1877ஆம் ஆண்டளவில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் நம் நாட்டுக்குக் கொணரப்பட்டது. ஆடுமாடுகள் அதன் இனிய காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு ஊரெங்கும் விதைத்தன. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டதும், 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்ததும் அண்மை வரலாறு. அதே வேளையில் அதன் விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் எளியோர் இவ்வட்டாரத்தில் பலர். ஏரியின் உள்ளும் ஆற்றுப்படுகையிலும் வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் உடனே நாட்டு மரம் நட வேண்டும். வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து முன்னினும் அடர்ந்து தழைப்பது அதன் இயல்பு.

சாலையோரத்தில் வெண்ணிறச் சிறு பூக்களோடு நிற்பது பார்த்தீனியம். 1950களின் நடுவில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டு, இருபது முப்பது ஆண்டுகளில் நாடெங்கும் பரந்தது. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தொட்டவர்க்குத் தோல் அரிப்பும், மகரந்தத்தைச் சுவாசித்தவர்க்கு மூச்சிரைப்பும் தரும். மெக்சிகோவிலிருந்து வருவித்த ஓர் இலைதின்னி வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அது இச்செடியை ஓரளவு அழிக்கிறது. நாம் செய்யத்தக்கது, கையுறை அணிந்து, முகத்தை மறைத்து, பூக்குமுன் வேரோடு பிடுங்குவது. பூவாத செடியை மக்கவைத்து எருவாக்கலாம். பிடுங்கிய இடத்தில் ஆவாரையோ தகரையோ விதைத்தால் அவை அதற்கு இடம் கொடா.

பயிரில்லாத இடத்தில் நிற்கும் பார்த்தீனியத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் உப்பைக் கரைத்துத் தெளிக்கும் முறையும் உண்டு. ஆனால் இவ்வட்டாரத்தின் கிழக்குப் பகுதியில் அதைத் தவிர்ப்பதே நன்று. மீஞ்சூர்ப் பகுதியில் 1960களின் பிற்பகுதி முதல் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியில் புகுந்து கிணறுகள் உவர்த்தன. உப்பால் துன்புறும் மண்ணுக்கு நாமும் உப்பு இடலாமா?

புகைபோக்கிகளின் நிழலில்

கவரைப்பேட்டையைக் கடந்தால் பெருநெடுஞ்சாலையும் சரக்கு வண்டிகளும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருட்டும் ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும் மலிந்துள்ளன. அவற்றில் உழைக்க உள்ளூரிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் வரிசை வீடுகளில் வாழ்கின்றன. வீடுகளின் பின்னால் கழிவுநீர் வாய்க்கால். அதன் கரையில் செழித்து நிற்பது பொன்னாங்கண்ணி. சுற்றுச்சுவர் ஓரத்தில் குப்பைக்கீரை. காசின்றிக் கிடைக்கும் கீரை. கண்ணுக்கும் இரத்தத்துக்கும் நல்லதென்று அன்னையர் சொல்லிக் கேட்ட கீரை. இங்கேதான் நாம் ஒரு கணம் நிற்க வேண்டும்.

செடிக்கு நன்மை தீமை பாராது உறிஞ்சும் இயல்பு உண்டு. மண்ணிலும் நீரிலும் ஈயம், காட்மியம் முதலிய உலோகங்கள் இருப்பின், சத்தோடு சேர்த்து அவற்றையும் வேர் எடுத்துக்கொள்ளும். காய்கனிகளைக் காட்டிலும் இலைகளிலேயே அவை மிகுதியாகத் தங்கும். ஆகாயத்தாமரையும் பொன்னாங்கண்ணியும் குப்பைக்கீரையும் இவ்வாறு உறிஞ்சுவதில் வல்லவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இலைமேல் படிந்த தூசி கழுவினால் போகும். இலைக்குள் ஏறிய உலோகம் கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பெரியவர்களைவிடச் சிறுவர் உடலே அதை மிகுதியாக ஏற்கும். இரும்புச் சத்துக் குறைந்த சிறுவர் உடல் இன்னும் மிகுதியாக ஏற்கும். இரத்தம் ஊறட்டும் என்று தாய் ஊட்டும் கீரை, அவள் அறியாமலே நஞ்சையும் சேர்த்து ஊட்டக் கூடும்.

இதைக் கேட்டு இவ்வட்டாரத்துக் கீரையெல்லாம் நஞ்சென்று அஞ்ச வேண்டாம். திரூர் வயல் வரப்பில் பறித்த பொன்னாங்கண்ணியும் ஆலைக் கழிவுநீர் வாய்க்காலில் பறித்த பொன்னாங்கண்ணியும் பெயரால் ஒன்று, பயனால் வேறு என்பதே கருத்து. வழக்கமான மண் பரிசோதனை உப்பையும் உரச்சத்தையும் மட்டுமே காட்டும். உலோகங்களைக் காண வேண்டுமெனில் தனியே கேட்டுச் செய்விக்க வேண்டும். அதற்கு வாய்ப்பில்லாதவர் வேறிடத்துத் தூய மண்ணையும் மக்கிய எருவையும் கொணர்ந்து, பழைய சாக்கிலோ தொட்டியிலோ நிரப்பிப் பொன்னாங்கண்ணித் தண்டு நான்கை ஊன்றட்டும். ஒரு மாத அளவில் பறிக்கத் தொடங்கலாம். அடுத்தடுத்துத் துளிர்க்கும். காசில்லாக் கீரை அப்போதும் காசில்லாக் கீரையே.

அவ்வாறாயின், வாய்க்கால் ஓரத்தில் நிற்பவற்றை என் செய்வது? உண்ணல் ஆகாது; மாட்டுக்கு இடலும், காய்கறித் தோட்டத்துக்கு எருவாக்கலும் ஆகா. பார்த்தீனியம் ஒன்றை மட்டும் அகற்றிவிட்டு, ஏனையவற்றை நின்ற இடத்திலேயே நிற்கவிடுக. அருகும் மூக்கிரட்டையும் அம்மண்ணை வேரால் பற்றிக்கொண்டிருக்கும் வரை அந்தத் தூசி பறந்து வந்து நம் பிள்ளைகளின் மூக்கிலும் சோற்றிலும் விழாது. வள்ளூர்க் கொல்லையில் பறித்துக் கடைந்த அதே செடியைக் கும்மிடிப்பூண்டியில் தொடாமல் விடுகிறோம். தொடாமல் விடுவதே அங்கு அதனால் கொள்ளும் பயன். கீரை பறிக்கக் கூடையை எடுக்கும்போது, அது நின்ற மண் எது, பாய்ந்த நீர் எது என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக.